பித்தம் கசிந்த நாட்கள்

பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக என்னைப் படுத்தி எடுத்த வலி அது. எண்ணெயில் பொரித்தது எதையாவது தின்றால் போதும், வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல ஆரம்பித்து முதுகுக்கு ஏறும். கண்டி நகரில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வலி வந்து, விரித்ததை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பித்தப்பை நிறையக் கல். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, காஸ் அடித்து உப்பவைத்து, கெமரா விட்டு, பையோடு எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

சத்திரசிகிச்சை செய்தவர் ஓர் இளம் சிங்கள வைத்தியர். தமிழ் படித்து வைத்திருந்தார். நான் கடையில் நின்று பழகியவள், சிங்களம் நன்றாகவே பேசுவேன். ஆனாலும் அவர் என்னிடம் தமிழில்தான் பேசுவார், ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து. வீட்டுக்கு அனுப்பும்போது, "காஸ் வலி வரும் அம்மா. தோளிலும் வரும். பயம் வேண்டாம். நடங்க, போகும்" என்றார்.

அந்தச் சொல்லை நானும் என் கணவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

எங்கள் வீடு கெலிஓயாவில், கம்பளை வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலை தேடி வந்து பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சேர்ந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். எத்தனையோ வருடமாகியும் அவருடைய பேச்சு அவருடையதாகவும் என் பேச்சு என்னுடையதாகவுமே இருக்கிறது. எங்கள் மகள் இரண்டையும் கலந்து பேசுவாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் வலது தோளில் வலி தொடங்கியது. வைத்தியர் சொன்னதுதானே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடந்தால் போகவில்லை. அடுத்த நாள் காலையில் பாவாடை நாடாவை வழக்கமான இடத்தில் முடிய முடியவில்லை. வயிறு உப்பியிருந்தது. இரண்டு வாய் சோறு தின்றதும் குமட்டியது. மூச்சை ஆழமாக இழுத்தால் உள்ளே ஏதோ கிழிவதுபோல இருந்தது.

கணவர் வார்டுக்குப் போன் எடுத்தார். யாரோ எடுத்து, காஸாக இருக்கும், பனடோல் மாத்திரை போட்டு நடக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

"காஸ் எண்டுதானே சொல்லினம். இன்னும் கொஞ்சம் நடந்து பாரும்" என்றார் அவர். அவருக்கும் அதை நம்ப வேண்டும் என்றிருந்தது. நானும் நம்பத்தான் பார்த்தேன். நடந்தேன். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் தாத்தா கஞ்சி கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கோப்பையை மேசையில் வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்காமலே வந்து வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

"புள்ள, என்ன இது, கல்லு மாதிரி ஈக்கிதே!"

"காஸாம் தாத்தா. நடந்தா போயிரும்னு சொன்னாங்க."

"எனக்கு டொக்டர்மார்ட கதையெல்லாம் தெரியாது. ஆனா இது சரியில்ல." பிறகு என் கணவரிடம் திரும்பினார். "தம்பி, பார்த்துக்கிட்டு நிக்க வாணாம். எங்க வீட்டு வேன் வாசல்லதான் நிக்கிது. எடுக்கச் சொல்றன்."

"போன்லை கேட்டனான் அக்கா, அவையள்..."

"போன்ல வயிறு தெரியுமா தம்பி?"

 கணவர் என் செருப்பைத் தேடி எடுத்து வந்தார்.

கண்டியில் பெரஹரா ஊர்வலம் போகும் நாட்கள் அவை. அது எங்கள் எவருக்கும் வேனில் ஏறும்போது ஞாபகம் வரவில்லை. பேராதனை தாண்டியதும் வாகனங்கள் நகரவே இல்லை. தாத்தாவின் கணவர் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் பின் சீட்டில் தாத்தாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். வேன் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் வயிற்றுக்குள் தண்ணீர்ப் பானை ஆடுவதுபோல இருந்தது. அது வெறும் உணர்ச்சி என்று நினைத்தேன். உண்மையிலேயே உள்ளே அப்படித்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பொலிஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் வாகனம் விடமாட்டார்களாம். கணவர் இறங்கிப் போய் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சத்தம் போட்டார். சத்தம் கூடக்கூட அவருடைய சிங்களம் குறைந்துகொண்டே போனது. கடைசியில் தாத்தா என் தலையை மெதுவாக சீட்டில் இறக்கி வைத்துவிட்டு வேன் கதவை முழுசாகத் திறந்தார்.

"இங்க வந்து இந்தப் புள்ளட மூஞ்சியப் பாருங்க" என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

பொலிஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்த் தடுப்பை இழுத்தார். பெரஹரா பார்க்கக் காலையிலிருந்தே ஓரத்தில் பொலித்தீன் விரித்து இடம் பிடித்திருந்த சனங்களுக்கு நடுவே வேன் ஊர்ந்து போனது. ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது: நான் பார்ப்பதற்குச் செத்துக்கொண்டிருப்பவள் போல இருக்கிறேன்.

ஸ்கேன் அறையில் ஒரு பெண் வைத்தியர் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி அழுத்தினார். அழுத்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்கள். அப்புறம் என் சத்திரசிகிச்சை வைத்தியர் வேகமாக வந்தார். அவரும் திரையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வலது பக்கத்தில் மரக்க ஊசி போட்டுத் துளைத்து ஒரு குழாய் விட்டார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு பை. இரத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு தண்ணீர். நிற்காமல் வந்தது. பை நிறைந்து வேறு பை மாற்றினார்கள். வயிறு இறங்க இறங்க எனக்கு மூச்சு வந்தது.

"என்ன மிஸ் இது?" என்று தாதியிடம் கேட்டேன்.

"பித்தம்" என்றார்.

பித்தம் என்றால் எனக்குத் தலைச்சுற்றுத்தான். வெறும் வயிற்றில் பஸ்ஸில் போனால் வரும், இஞ்சிச் சாறு குடித்தால் போகும். அது இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு தண்ணீர் என்றோ, போகவேண்டிய வழியை விட்டு ஒழுகினால் ஆளைக் கொல்லும் என்றோ நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. பித்தம் எங்கிருந்தோ கசிகிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கிருந்து என்பது தெரியவில்லை. அதைப் பார்க்கும் பரிசோதனைக்கு எனக்கு முன்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். வாய் வழியாக ஒரு கெமராக் குழாயைக் குடல்வரை இறக்கி, பித்தக்குழாய் வந்து திறக்கும் வாசலில் மருந்தைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்ப்பார்களாம். அதுவரைக்கும் பக்கத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

வைத்தியர் தினமும் காலையில், மற்ற வைத்தியர்கள் வருமுன்னே தனியாக வருவார். குனிந்து பையைப் பார்ப்பார். எவ்வளவு வந்தது என்று தாதியிடம் கேட்பார். என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். போய்விடுவார். என் கண்ணை மட்டும் பார்க்கமாட்டார். பை குறையவே இல்லை.

கணவர் மத்தியானம் பார்க்க விடும் நேரத்தில் வருவார். ஒருநாள் என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார்.

"கண் மஞ்சளாக் கிடக்கு."

"வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுது போல."

"இல்லை. நான் நேற்றும் பார்த்தனான். உமக்குச் சொல்லேல்லை."

அவருடைய அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரிய குழாயை வெட்டிவிட்டிருப்பார்கள், அவர்களே மறைப்பார்கள், விடாதே, மேலிடத்துக்கு எழுதிக் கொடு என்று. அதைக் கேட்கக் கேட்க இவருக்குள்ளும் அது வளர்ந்தது.

"அவன்ரை கைதான் பிழை. அதுதான் வந்து முகத்தைப் பாராமல் போறான். நான் கேக்கப்போறன்."

"இப்ப வேணாங்க."

"ஏன்? பயமோ?"

"பயந்தான். நான் இன்னும் அவரு கையிலதானே கிடக்கேன்?"

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்தது என்று மணி அடித்ததும் போனார். எனக்கு உண்மையில் பயத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. ஆனால் என்னைத் துளைத்த கையேதான் என்னைப் பார்த்துக்கொள்ளும் கையும். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் படுத்திருந்தேன்.

மறுநாள் காலை வைத்தியர் வந்து பையைப் பார்க்கக் குனிந்தபோது வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவருக்கு ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்று சிங்களத்தில் கேட்டேன்.

"டொக்டர், ஒபரேஷன்ல ஒங்க கை தவறிச்சா?"

தாதி கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வைத்தியர் நிமிர்ந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கட்டிலடியில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சிங்களத்தில் கேட்டதற்கு அவர் தமிழில் பதில் சொன்னார்.

"எனக்கு இன்னும் தெரியாது அம்மா. பித்தப்பையில இருந்து ஒரு சின்ன குழாய் வரும். அதை வெட்டி, வாயில கிளிப் போட்டது நான். அந்த கிளிப் விலகி இருக்கலாம். அப்படி என்றா சத்திரசிகிச்சை இல்லாம சரி செய்யலாம்." என் வயிற்றின் மேல் விரலால் ஒரு கோடு காட்டினார். "ஈரலில இருந்து குடலுக்கு போற பெரிய குழாய் இருக்கு. அதில காயம் பட்டு இருந்தா பெரிய ஒபரேஷன் வேணும். அதை நான் செய்ய மாட்டேன். அதில அனுபவம் உள்ள வேற ஒருத்தர் செய்வார்."

"அப்படிக் காயம் பட்டிருந்தா, அது யாரால?"

"என்னால. வேற யாரும் அங்க வெட்டல."

 அவர் எழுந்திருக்கவில்லை.

"கெமராவில எடுத்த படத்தை திரும்ப திரும்ப பார்த்தேன்" என்றார். "பெரிய குழாயில காயம் எனக்கு தெரியல. ஆனா எனக்கு தெரியல என்பதால இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை காஸ் என்று சொன்னேன். போதும்."

அவர் போன பிறகு அழுதேன். அவர் சொன்னதில் ஆறுதல் எதுவும் இல்லை. இருந்தாலும் அன்று மத்தியானம் கொண்டுவந்த சோற்றை முதல் தடவையாக முழுதும் தின்றேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கணவரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர், "ஒத்துக்கொண்டானே!" என்றார். அவர் அதை ஒரு விதமாக எடுத்துக்கொண்டார், நான் வேறு விதமாக. 

பரிசோதனைக்கு அழைத்துப்போன காலையில் கணவர் தள்ளுவண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். கதவருகில் அந்த வைத்தியரும் நிற்பதைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இவனும் உள்ளுக்கை போறானோ? நான் விடமாட்டன். நான் கதைக்கப்போறன்."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "இன்னிக்கு வேணாங்க. கேட்டுக்கிறேன், இன்னிக்கு மட்டும் வேணாம்."

"உமக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்யிறது? சொல்லும், நான் என்ன செய்யிறது?"

கல்யாணம் கட்டியதிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வண்டி தள்ளுபவர் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வண்டி உள்ளே போனது. என் பிடி தானாக நழுவியது.

உள்ளே குளிராக இருந்தது. தொண்டையில் கசப்பாக ஒன்றைத் தெளித்தார்கள். நாக்கு தடித்து என்னுடையதாக இல்லாமல் போனது. பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வைத்து, குப்புறப் படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பினார்கள். பரிசோதனை செய்தவர் வேறொரு பெரிய வைத்தியர். என் வைத்தியர் எக்ஸ்ரேக்கு அணியும் கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றார். கையில் மருந்து ஏற ஏற அறை தூரமானது. கடைசியாகத் திரையில் ஒரு படம் கண்டேன். இலையில்லாத மரம் ஒன்று கிளை விரிப்பதுபோலக் கறுப்புக் கோடுகள் பரவின. யாரோ "அங்கே" என்றார்கள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்க வாய் திறக்கப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது நடைபாதையில் ஒரு தள்ளுவண்டியில் கிடந்தேன். தொண்டை எரிந்தது. கணவரைக் காணவில்லை. வார்டில் இல்லாத மருந்து ஒன்றை வெளியே வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கெட்ட செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன். என்னைக் கடந்து போன ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன்.  கையால் பையைத் தடவிப் பார்த்தேன். அது இருந்தது. அப்படியானால் ஒன்றும் செய்யவில்லையா? வயிற்றைத் திறக்க வேண்டுமென்று விட்டுவிட்டார்களா? மகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுவரை யோசித்து முடித்தபோதுதான் கழற்றிய அங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு என் வைத்தியர் வந்தார்.

அன்றைக்கு அவர் தமிழைத் தேடவில்லை. சிங்களத்திலேயே சொன்னார். பெரிய குழாய் நன்றாக இருக்கிறது. கசிவது கிளிப் போட்ட அந்தச் சின்னக் குழாயின் அடியிலிருந்துதான். பெரிய குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்துவிட்டார்கள். பித்தம் இனி லேசான வழியில் குடலுக்குப் போய்விடும், கசிவு தானாகக் காய்ந்து மூடும்.

 தலையை ஆட்டினேன். அவர் வண்டியின் கம்பியைத் தட்டிக் கொடுத்தார், என்னைத் தட்டிக் கொடுக்கத் தயங்கியதுபோல. அப்போதுதான் என் கண்ணைப் பார்த்தார். அவருடைய கண் சிவந்திருந்தது.

கணவர் மருந்துப் பையோடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, "அவர் எங்கை?" என்று கேட்டுக்கொண்டு போனார். 'அவன்' 'அவர்' ஆகியிருந்தார். ஆனாலும் சண்டை பிடிக்கப்போகிறாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

திரும்பி வந்து பேசியதைச் சொன்னார். "இனி ஒருத்தருக்கும் இப்பிடி நடக்காதெண்டு சொல்லுவீங்களோ எண்டு கேட்டன்."

"என்ன சொன்னாரு?"

"சொல்ல ஏலாதாம். ஆனால் இனி ஆராவது வலிக்குதெண்டால், காஸ் எண்டு சொல்ல முதல் வரச்சொல்லிப் பார்ப்பாராம்."

அன்று மாலை அண்ணனின் போன் வந்தபோது, "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். பிறகு அதைப்பற்றி அவர்கள் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று எனக்கே சில நேரம் தோன்றும். அந்தப் போனை எடுத்து நடக்கச் சொன்னவர் யார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பை உடனே வற்றவில்லை. மறுநாளும் நிறையத்தான் வந்தது. அதைப் பார்த்து மறுபடி நடுங்கினேன். அதற்கடுத்த நாள் குறைந்தது. பிறகு அடியில் கொஞ்சம். ஒருநாள் காலையில் வைத்தியர் குனிந்து பார்த்துவிட்டு, பையைத் தூக்கி எனக்கும் காட்டினார். வெறும் பை. அன்றைக்கே வயிற்றுக் குழாயைக் கழற்றினார்கள்.

உள்ளே வைத்த பிளாஸ்டிக் குழாயோடு வீட்டுக்கு வந்தேன். சில வாரத்தில் வந்து அதை எடுத்துவிட வேண்டும், விட்டால் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் கடும் நிறம், இதில் எது வந்தாலும் உடனே வரவேண்டும். எண்ணெய் இல்லாத சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக. தாத்தா தினமும் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். குழாயை எடுக்கப் போன அன்று என் வைத்தியரைத் தேடினேன். மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். எடுத்தவர் வேறொருவர். சுலபமாக முடிந்தது.

கடைக்குத் திரும்பினேன். உடம்பும் தேறியது. ஆனால் முகம் கழுவும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பது மட்டும் விடவில்லை.

இந்த வருடம் கலகெதரவில் என் சித்தப்பா மகன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது குளிர் பிடித்தது. பல் கிட்டியது. கணவர் பக்கத்தில் இருந்தார். என்னை எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்து, வெளிச்சத்தில் நிறுத்தி, கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு ஓட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். சாப்பிடாமல் போகிறார்களே என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டது கேட்டது.

 கண்டி ஆஸ்பத்திரியில் இருந்த வேறோர் இளம் வைத்தியர் என்னைப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் திரியும் காய்ச்சல்தான், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார்.

"பரவாயில்லை டொக்டர்" என்றார் கணவர். "நீங்கள் இரத்தத்தைப் பாருங்கோ. நாங்கள் இருக்கிறம்."

வாங்குப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். அவர் தன் சேர்ட்டை என் தோளில் போட்டுவிட்டு பெனியனோடு இருந்தார். முடிவு வந்தது. ஈரலும் பித்தமும் சரியாகவே இருந்தன. வெறும் காய்ச்சல்.

பேராதனை பஸ்ஸில் இருவருக்கும் இருக்க இடம் கிடைத்தது. பந்தியில் தின்னாமல் வந்ததால் பசித்தது. வழியில் இறங்கி இடியப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். காய்ச்சல் இன்னும் இரண்டு நாள் இருந்து போனது.